வடக்கன்குளம்: கோயிலுக்குள் ஒரு சுவர்

அம்பத்தூர், ஆவடிப் பகுதித் தேவாலயங்களில் ஞாயிறு பூசை முடிந்து வருவோரிடம் சொந்த ஊரைக் கேட்டால், பலர் தெற்கத்திச் சீமையைச் சொல்வர். தொழிற்சாலை வேலைகள் அழைத்து வந்த குடும்பங்கள் அவை. அவ்வாறு நம் செவியில் விழும் ஊர்ப்பெயர்களுள் ஒன்று வடக்கன்குளம். திருநெல்வேலி மாவட்டத்தின் தென்கோடியில், குமரி எல்லையை ஒட்டி அமைந்தது.

அவ்வூரார் முதலில் நினைவுகூர்வது தேவசகாயத்தை. மார்த்தாண்டவர்மரின் அரசுப் பணியிலிருந்த நீலகண்ட பிள்ளை, 1745 மே 14 அன்று இங்குதான் திருமுழுக்குப் பெற்றார். 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியவர் என்பது அவரைப் பற்றிய நினைவின் சாரம். அதனாற்றான் போலும், புனிதர் பட்டத்துக்கு முன்பே அவர் பெயரிலிருந்து 'பிள்ளை' நீக்கப்பட்டது.

ஆனால் இதே ஊருக்கு மற்றொரு நினைவும் உண்டு. 1872இல் எழுந்த திருக்குடும்ப ஆலயம் ஒரே பீடத்தையும் இரண்டு மண்டபங்களையும் கொண்டிருந்தது. ஒன்று வேளாளருக்கு, மற்றொன்று நாடாருக்கு. இடையே சுவர். குருவானவரை இரு திறத்தாரும் காணலாம். ஒருவரையொருவர் காண இயலாது. இரண்டு கால்கள் இடுப்பில் கூடுவதுபோன்ற அமைப்பினால் கால்சட்டைக் கோயில் என்ற கேலிப்பெயரும் வழங்கிற்று.

சாதி பாராட்டாமற் கட்டினால் மக்கள் வரமாட்டார்கள் என்ற அச்சமே அச்சுவரை எழுப்பியது. முப்பத்தெட்டு ஆண்டுகள் நின்ற அதனை 1910இல் இயேசு சபைக் குரு கௌசானல் அகற்றினார். வேளாளர் தரப்பு நீதிமன்றம் சென்றது. சென்னை உயர்நீதிமன்றம்வரை சென்ற அவ்வழக்கு தோற்றது; கோயிலுக்குள் சாதிப் பிரிவினையை உரிமையாகக் கோர முடியாது என்றாயிற்று. ஆ. சிவசுப்பிரமணியனின் 'கிறித்தவமும் சாதியும்' இவ்வரலாற்றைத் தமிழ் வாசகருக்கு விரித்துரைத்த நூல்.

திருமுழுக்கின் நினைவு திருவிழாவாகிறது. சுவரின் நினைவு நூலகத்தில் ஒதுங்குகிறது. ஊரின் பெருமையைக் குலைப்பதன்று நம் நோக்கம். சுவரை எழுப்பியதும் திருச்சபையே, இடித்ததும் திருச்சபையே. இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போதுதான் பெயரிலிருந்து ஒரு சொல்லை நீக்கியதன் பொருள் விளங்கும்.

இனி வடக்கன்குளத்துக்காரர் ஒருவரைச் சந்தித்தால், புனிதரைப் பற்றிக் கேட்டபின் அச்சுவரைப் பற்றியும் கேட்போம். பாட்டனார் எந்தப் பக்கம் நின்று பூசை கண்டார் என்பதை அறிந்தவர் இன்னும் சிலர் இருக்கக்கூடும்.