24 முயல்கள் - ஆஸ்திரேலியா தலைக்கு விலை வைத்த கதை

நம்மூரில் முயல் என்றால் ஆமையோடு ஓட்டப்பந்தயம் வைத்துத் தோற்ற பிராணி. அதே முயலைப் பற்றி ஒரு ஆஸ்திரேலிய விவசாயியிடம் கேட்டுப் பாருங்கள். காட்டுப்பன்றியைப் பற்றியும் மயிலைப் பற்றியும் நம்மூர் விவசாயி சொல்வது போலவே சொல்வார். கொஞ்சம் கூடுதல் கோபத்தோடு! ஒரு கண்டமே ஒரு சின்னப் பிராணியிடம் 90 வருடம் அடி வாங்கிய கதை இது. துப்பாக்கி, விஷம், வேலி, பரிசுப் பணம் என்று எல்லாவற்றையும் இறக்கிப் பார்த்தார்கள். இதில் பரிசுப் பணம் பட்ட பாடுதான் சுவாரசியமானது.

முதலில் ஒரு விஷயம். நம்மூர்க் காட்டு முயல் வளை தோண்டாது, புதர் மறைவில்தான் குட்டி போடும். ஆஸ்திரேலியாவைப் படுத்தியது ஐரோப்பியக் குழிமுயல். மண்ணுக்கடியில் வளை தோண்டிக் கூட்டமாக வாழும். சினைக்காலம் ஒரு மாதம்தான். நல்ல மழைக்காலத்தில் ஒரே வருடத்தில் ஐந்தாறு ஈற்று கூடப் போடும்.

1788-ல் பிரிட்டனிலிருந்து கைதிகளை ஏற்றிக்கொண்டு போன முதல் கப்பல்களிலேயே முயல்கள் இருந்தன. ஆனால் அவை கூண்டில் வளர்ந்த சாதுக்கள், காட்டில் பெரிதாகப் பிழைக்கவில்லை. வினை 1859-ல் வந்தது. விக்டோரியா மாநிலத்தில் வின்செல்சி என்ற ஊருக்குப் பக்கத்தில் பார்வன் பார்க் என்ற பெரிய பண்ணை. அதன் உரிமையாளர் தாமஸ் ஆஸ்டினுக்கு வேட்டை என்றால் உயிர். இங்கிலாந்தில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு எழுதிப் போட்டார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு 24 முயல்கள் கப்பலில் வந்து இறங்கின. 1867-ல் விக்டோரியா மகாராணியின் மகன் இளவரசர் ஆல்ஃபிரட் பார்வன் பார்க்குக்கு வந்து முயல் வேட்டையாடிப் போகும் அளவுக்கு அவை பெருகிவிட்டன. ஆஸ்டினுக்கு அது பெருமையான விஷயம்.

அத்தனை கோடி முயல்களுக்கும் ஒரே மனிதர் காரணமாக இருக்க முடியுமா என்ற சந்தேகம் பலருக்கு இருந்தது. 2022-ல் வெளியான ஒரு மரபணு ஆய்வு அதைத் தீர்த்து வைத்தது. ஆஸ்திரேலியப் பெருநிலம் முழுக்கப் பரவிய முயல்களில் மிகப் பெரும்பாலானவற்றின் பூர்வீகம் ஆஸ்டின் குடும்பத்தின் சொந்த ஊரான சாமர்செட் பக்கம்தான். கொண்டு வந்தவர் பெயர் 163 வருடம் கழித்து உறுதியானது, பாவம்.

தொடக்கத்தில் முயல் ஒரு சொத்து. பண்ணையார்கள் அதைப் பாதுகாத்தார்கள். ஜான் ராபர்ட்சன் என்ற பண்ணையாரின் நிலத்தில் ஒரு முயலைச் சுட்டதற்காக ஒருவருக்கு 10 பவுண்டு அபராதம் போட்டதாகச் சொல்வார்கள். சில வருடங்கள் கழித்து அதே பண்ணையில் முயலை ஒழிக்க ராபர்ட்சனின் மகன் வருடத்துக்கு 5,000 பவுண்டு செலவழித்தாராம்! வரவுப் பக்கத்தில் இருந்த ஒரு கணக்கு இவ்வளவு வேகமாகச் செலவுப் பக்கத்துக்குத் தாவியது வேறெங்கும் நடந்திருக்குமா தெரியவில்லை.

ஏழிலிருந்து பத்து முயல்கள் தின்னும் புல் ஒரு செம்மறி ஆட்டுக்குப் போதும். கம்பளியை நம்பியிருந்த நாட்டில் இதன் பொருள் என்னவென்று யோசித்துப் பாருங்கள். ஆடாவது புல்லின் அடியை விட்டு வைக்கும். முயல் வேர் வரை கடிக்கும், மரக்கன்றின் பட்டையைக்கூட விடாது. புல் போனதும் காற்று மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போனது. 1890-களில் விலைச் சரிவும் வறட்சியும் சேர்ந்துகொள்ள, நியூ சவுத் வேல்ஸின் மேற்குப் பகுதியில் பல பண்ணையார்கள் நிலத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள். என்ன நடந்தது என்று விசாரிக்க அரசாங்கம் கமிஷன் போட வேண்டி வந்தது.

இப்போது பணக் கதைக்கு வருவோம். 1880-களில் நியூ சவுத் வேல்ஸ் அரசு சட்டம் போட்டு, கொன்ற முயல் ஒவ்வொன்றுக்கும் காசு கொடுத்தது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நாடெங்கும் முயல் பிடிப்பதே தொழில் என்று ஆட்கள் கிளம்பினார்கள். கூலி வேலையை விட இதில் வரும்படி நன்றாக இருந்தது. ஆனால் முயல் தீர்ந்துவிட்டால் தொழிலும் தீர்ந்துவிடுமே! அதனால் சினை முயலையும் குட்டிகளையும் விட்டுவிடுகிறார்கள், முயல் இல்லாத இடத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள், பணம் கொடுக்காத ஊரில் பிடித்ததைப் பணம் கொடுக்கும் ஊரில் கணக்குக் காட்டுகிறார்கள் என்று பண்ணையார்கள் புலம்பினார்கள். எல்லோரும் அப்படிச் செய்திருக்க மாட்டார்கள்தான். ஆனால் ஒரு முயல் பிடிப்பவரின் இடத்தில் இருந்து பார்த்தால் அது ஒன்றும் விசித்திரமான யோசனை இல்லை. வட்டியை எடுத்துக்கொண்டு முதலை விட்டு வைப்பது எந்த வியாபாரிக்கும் தெரிந்த பாடம்தானே?

செலவு கையை மீறியதும் அரசு வேறு பக்கம் யோசித்தது. முயலை அடியோடு ஒழிக்கும் வழி சொல்பவருக்கு 25,000 பவுண்டு பரிசு என்று 1887-ல் அறிவித்தது. அந்தக் காலத்தில் அது கற்பனைக்கு எட்டாத தொகை. உலகம் முழுவதிலிருந்தும் ஆயிரத்துக்கு மேல் யோசனைகள் குவிந்தன. வெறிநாய்க்கடி தடுப்பூசியால் புகழ்பெற்ற லூயி பாஸ்டரே போட்டியில் இறங்கினார்! கோழிக்காலரா கிருமியை முயலுக்குக் கொடுக்கலாம் என்பது அவர் திட்டம். உறவினர் அட்ரியன் லுவாரை சிட்னிக்கு அனுப்பி வைத்தார். துறைமுகத்தில் உள்ள ராட் தீவில் பரிசோதனை நடந்தது. கிருமியைத் தின்ற முயல் செத்தது, ஆனால் அதனிடமிருந்து மற்ற முயல்களுக்கு நோய் சரியாகப் பரவவில்லை. கோழிகளுக்கும் ஆபத்து. பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை.

அடுத்தது வேலி. முயல் கூட்டம் கிழக்கிலிருந்து நகர்ந்து வருவதைப் பார்த்த மேற்கு ஆஸ்திரேலிய அரசு, 1901-ல் கம்பிவலை வேலி போட ஆரம்பித்தது. தெற்குக் கடற்கரையிலிருந்து வடக்குக் கடற்கரை வரை 1,833 கிலோமீட்டர்! முதல் வேலி 1907-ல் முடிந்தது. ஆனால் 1902-லேயே முயல்கள் அந்த வேலிக்கோட்டுக்கு மேற்கே வந்துவிட்டன. உடனே இரண்டாவது வேலி, அப்புறம் மூன்றாவது. மொத்தம் 3,256 கிலோமீட்டர். ஒட்டகத்திலும் சைக்கிளிலும் ஆட்கள் ரோந்து போய் ஓட்டைகளை அடைத்தார்கள். முயலை நிறுத்தாத இந்த வேலி வேறு ஒரு விஷயத்துக்குப் பயன்பட்டது. 1931-ல் அரசாங்கம் பெற்றோரிடமிருந்து பிரித்துக் கொண்டுபோன மூன்று பழங்குடிச் சிறுமிகள், காப்பகத்திலிருந்து தப்பி இந்த வேலியைப் பிடித்துக்கொண்டே வீட்டை நோக்கி நடந்தார்கள். ஒருத்தி வழியில் பிடிபட்டாள். மற்ற இருவரும் சுமார் 1,600 கிலோமீட்டர் நடந்து ஊர் போய்ச் சேர்ந்தார்கள். 2002-ல் வந்த 'ராபிட் ப்ரூஃப் ஃபென்ஸ்' படம் இந்தச் சம்பவம்தான்.

வேலியில் இன்னொரு தலைவலி ஈமு. முதல் உலகப்போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு அரசாங்கம் மேற்கு ஆஸ்திரேலியாவில் நிலம் கொடுத்துக் கோதுமை பயிரிடச் சொல்லியிருந்தது. 1930-ல் நிறைய விளைவியுங்கள், நல்ல விலை தருகிறோம் என்றும் வாக்குக் கொடுத்தது. அந்த விலை வரவில்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் கோதுமை படுபாதாளத்துக்குப் போனது. கடனோடு உட்கார்ந்திருந்தவர்களின் வயலுக்குள் 1932-ல் சுமார் 20,000 ஈமுக்கள் வந்து இறங்கின. பயிரைத் தின்றது ஒரு பக்கம். வேலியை உடைத்துக்கொண்டு போனதால் அந்த ஓட்டைகள் வழியாக முயல்களும் வந்தன.

முன்னாள் சிப்பாய்கள் அல்லவா, இயந்திரத் துப்பாக்கி கேட்டார்கள். மேஜர் மெரிடித் தலைமையில் இரண்டு லூயிஸ் துப்பாக்கிகளும் 10,000 குண்டுகளும் வந்தன. நவம்பர் 2-ல் ஆரம்பித்த முதல் முயற்சி ஒரே வாரத்தில் பிசுபிசுத்தது. சுட ஆரம்பித்ததும் கூட்டம் சிதறி ஓடிவிடும். லாரியில் துப்பாக்கியைக் கட்டிக்கொண்டு துரத்தினால் லாரி குலுங்குகிற குலுக்கலில் குறியே வைக்க முடியவில்லை. இரண்டாவது முயற்சி டிசம்பர் 10 வரை நடந்தது. 9,860 குண்டுகளுக்கு 986 பறவைகள் என்று மேஜர் கணக்குக் கொடுத்தார். ஒரு பறவைக்குச் சரியாகப் பத்து குண்டு! இவ்வளவு துல்லியமாக வரும் கணக்கைப் பார்த்தால் எந்த ஆடிட்டருக்கும் கொஞ்சம் சந்தேகம் வரும். உலகம் சிரித்தது. ஆனால் அந்தக் கோதுமைக்காரர்களுக்கு அது சிரிப்பு இல்லை, அந்த வருட வெள்ளாமை.

அதன் பிறகு ஈமுவுக்கும் தலைக்கு இவ்வளவு என்று காசு வந்தது. 1934-ல் ஆறே மாதத்தில் 57,034 தலைகளுக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள். ராணுவத்தை விட இது எவ்வளவோ மேல். முயலில் சொதப்பியது இங்கே ஏன் ஓடியது? ஈமுவின் கறிக்கோ தோலுக்கோ அன்று சொல்லிக்கொள்ளும்படி சந்தை இல்லை. சுட்டவர்களும் பெரும்பாலும் பயிரை இழந்தவர்களே. ஈமு மிச்சம் இருப்பதால் யாருக்கும் லாபமில்லை. (ஈமுவை வளர்த்தால் லாபம் என்று நம்பியது நம்மூர்தான். 2012-ல் பெருந்துறை ஈமு பண்ணைகளில் பணம் போட்டவர்களைக் கேட்டால் தெரியும்.)

முயலுக்கோ சந்தை வளர்ந்துகொண்டே போனது. கறியை டப்பாவில் அடைத்தார்கள், குளிர்பதனக் கப்பலில் பிரிட்டனுக்கு அனுப்பினார்கள். முயல் ரோமத்தில்தான் ஆஸ்திரேலியாவின் புகழ்பெற்ற அகுப்ரா தொப்பி. 1930-களின் பஞ்சத்தில் வேலையில்லாதவர்கள் முயல் பிடித்து வயிறு வளர்த்தார்கள். 'நிலத்தடி ஆட்டுக்கறி' என்று செல்லப்பெயர் வேறு. சிட்னித் தெருக்களில் முயல் விற்றவர்களின் கூவல் ஒரு ரக்பி அணிக்கே பெயராகிவிட்டது. இப்படி ஒரு ஏழையின் அடுப்பில் வேகும் பிராணியை 'ஒழியட்டும்' என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்வார்களா? மேய்ச்சல்காரனுக்கு நஷ்டம், முயல் பிடிப்பவனுக்குச் சம்பளம். ஒரே நாட்டில் இரண்டு கணக்குப் புத்தகங்கள்.

கடைசியில் கை கொடுத்தது ஒரு வைரஸ். மிக்ஸோமா என்ற அந்த வைரஸ் தென் அமெரிக்க முயல்களை அதிகம் பாதிக்காது, ஐரோப்பிய முயலைக் கொன்றுவிடும். ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 1950-ல் மர்ரே ஆற்றுப் பக்கம் அதை விட்டார்கள். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. தோல்வி என்றே நினைத்தார்கள். அந்தக் கோடையில் நல்ல மழை, கொசு பெருகியது, கொசு வழியே நோய் காட்டுத்தீ போலப் போனது. சுமார் 60 கோடியாக இருந்த முயல்கள் இரண்டே வருடத்தில் 10 கோடியாகக் குறைந்ததாக மதிப்பிடுகிறார்கள். கண்ணும் முகமும் வீங்கிக் குருடாகிச் சாகும் நோய் அது. பார்க்கச் சகிக்காது. முயல் வியாபாரிகள் எதிர்த்தார்கள், அவர்கள் பிழைப்பு போயிற்றே.

அதே சமயம் அந்தப் பக்கத்து மனிதர்களுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. முயல் வைரஸ்தான் காரணம் என்று பீதி. காரணம் அதுவல்ல என்று நிரூபிக்க ஃபிராங்க் ஃபென்னர், மக்ஃபார்லேன் பர்னெட், இயன் குளூனிஸ் ராஸ் என்ற மூன்று விஞ்ஞானிகள் முயல் வைரஸைத் தங்கள் உடம்பிலேயே ஊசி போட்டுக்கொண்டார்கள். ஒன்றும் ஆகவில்லை.

சில வருடங்களில் வைரஸ் வீரியம் குறைந்தது, பிழைத்த முயல்களின் குட்டிகளுக்கு எதிர்ப்புச் சக்தி வந்தது. எண்ணிக்கை மறுபடி ஏறியது. 1995-ல் வார்டாங் தீவில் சோதனையில் இருந்த கலிசி வைரஸ் அதிகாரிகள் அனுமதிக்கும் முன்பே கரைக்குத் தப்பி வந்து இன்னொரு பெரிய வெட்டு வெட்டியது. இன்று முயலால் விவசாயத்துக்கு ஏற்படும் இழப்பு வருடத்துக்கு 20 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் என்பது அரசாங்கத்தின் மதிப்பீடு. வைரஸ் வேலை செய்த கையோடு டிராக்டரை விட்டு வளைகளை உழுது தகர்த்த பண்ணைகளில் மட்டும் முயல் திரும்பி வருவது சிரமமாக இருக்கிறது. வளை இல்லாவிட்டால் குட்டி தங்காது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் அந்தப் பழைய வேலியின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது, புதிதாக நீட்டவும் செய்திருக்கிறார்கள். பெயரை மட்டும் மாநிலத் தடுப்பு வேலி என்று மாற்றிவிட்டார்கள். இப்போது அது தடுப்பது ஈமுக்களையும் காட்டு நாய்களையும்.