ஓட்டுக்குள் உறைந்த சூளை

கருப்பு-சிவப்புப் பானை ஓடுகளை ஆய்வகத்துக்குக் கொண்டுவரும் மாணவர்களிடம், உடைந்த விளிம்பைக் காட்டு என்றுதான் முதலில் கேட்பேன். ஆதிச்சநல்லூர், கொடுமணல், கீழடி எல்லா இடத்திலும் கிடைக்கும் வகை இது. உட்புறமும் வாய்ப்பகுதியும் கருப்பு, வெளியே கீழ்ப்பகுதி சிவப்பு. மண் ஒன்றேதான். காற்றுப் பட்ட இடத்தில் இரும்பு ஹேமடைட்டாகிச் சிவந்தது. காற்றுப் புகாத இடத்தில் கரி ஏறிக் கறுத்தது. பானையைக் கவிழ்த்துச் சுட்டிருப்பார்கள் என்பது அறிஞர் பலரின் கருத்து. எனக்கும் அதுவே சரியாகப் படுகிறது.

எவ்வளவு சூட்டில் சுட்டார்கள் என்று அறிய, ஓட்டின் சில மில்லிகிராம் பொடியைப் பொட்டாசியம் புரோமைடோடு அரைத்து, வில்லையாக அழுத்தி, அகச்சிவப்புக் கதிரைப் பாய்ச்சுவோம். சுடாத கயோலினைட் களிமண் என்றால் 3,620, 3,695 அலை எண்களில் ஹைட்ராக்சில் பட்டைகள் தெரியும். ஏறத்தாழ 600 டிகிரி செல்சியசுக்குள் அவை அழிந்துவிடும். 1,430 அருகே கால்சைட் பட்டை இருந்தால், சூடு 800ஐ எட்டவில்லை என்று எழுதிவிடத் தோன்றும்.

அங்கேதான் பதற்றம் வருகிறது. ஈரமண்ணில் இரண்டாயிரம் ஆண்டு கிடந்த ஓட்டில் நிலத்தடி நீரே புதுக் கால்சைட்டைப் படியவைத்திருக்கலாம். அதனால் மேற்பரப்பைச் சுரண்டிவிட்டு நடுப்பகுதியை எடுக்கச் சொல்வேன். பிறகு ஓட்டுத் துண்டை உலையில் படிப்படியாகச் சூடேற்றி, நிறமாலை எந்த வெப்பநிலையில் மாறத் தொடங்குகிறது என்று பார்க்க வேண்டும். பழைய சூளையின் உச்சச் சூடு ஏறத்தாழ அங்கே இருக்கும். ஒரே பட்டையை நம்பி வெப்பநிலை எழுதும் கட்டுரைகளை நான் ஏற்பதில்லை.