மலாக்காவுக்குப் போனால் எதைப் பார்ப்பீர்கள்?



பள்ளி விடுமுறை வந்தால் நம் தோட்டத்து மக்களில் பலர் மலாக்காவுக்குப் போவதுண்டு. தம்பினைத் தாண்டினால் மலாக்கா எல்லை வந்துவிடும். சிவப்புக் கட்டடத்தின் முன் ஒரு படம், பூ ஜோடித்த திரிஷாவில் ஒரு சுற்று, வயிறு குளிர ஒரு செண்டோல். அவ்வளவுதான், வீடு திரும்பிவிடுகிறோம். நானும் பல தடவை அப்படித்தான் வந்திருக்கிறேன்.

ஒருமுறை நம் ஐந்தாம், ஆறாம் ஆண்டு மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றேன். அரும்பொருளகத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "சார், போர்த்துகீசியர் வந்தாங்க, டச்சுக்காரங்க வந்தாங்க, இங்கிலீஷ்காரங்க வந்தாங்க. நாம எப்ப சார் வந்தோம்?" நான் வாய் திறப்பதற்குள் ஒரு பையன், "ரப்பர் வெட்டத்தான் வந்தோம். எங்க தாத்தா சொன்னாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த மாணவிக்கு அன்று முழுப் பதில் சொல்ல நேரமில்லை. இன்று உங்கள் எல்லாருக்குமாகச் சொல்கிறேன்.

சுமார் 1400-இல் பரமேஸ்வரா மலாக்காவில் அரசை நிறுவினார். துறைமுகம் வளர்ந்தது. வணிகர்களைக் கவனிக்க நான்கு ஷாபந்தர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தமிழகக் கரை, வங்காளம், பெகு முதலிய இடங்களிலிருந்து வந்தவர்களுக்கு அதிகாரி. மலாக்காவில் 84 மொழிகள் பேசப்பட்டதாகத் தோமே பிரேஸ் என்ற போர்த்துகீசியர் எழுதி வைத்திருக்கிறார்.

1511-இல் போர்த்துகீசியர் நகரைப் பிடித்துக் கோட்டை கட்டினர். அவர்களுக்கு உதவியவர் நைனா சத்து என்ற இந்து வணிகர். அதற்காகப் பெண்டஹாரா பதவி பெற்றார். 1514-இல் பதவி பறிபோனது. அவமானம் பொறுக்காமல் தீயில் இறங்கி மாண்டார். நம்மவர் செய்தது எல்லாம் சரி என்று சொல்வது வரலாறு ஆகாது. உள்ளதைச் சொல்ல வேண்டும்.

1641-இல் டச்சுக்காரர் வந்தனர். நீங்கள் படம் பிடித்துக்கொள்ளும் சிவப்புக் கட்டடம், ஸ்டாட்ஹைஸ், அவர்கள் கட்டியது. 1982 முதல் அது அரும்பொருளகம். பிறகு வந்த ஆங்கிலேயர் 1807-இல் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தனர். இன்று ஒரு வாசல் மட்டும் நிற்கிறது. அந்த வெடிப்பை நேரில் கண்டு எழுதியவர் முன்ஷி அப்துல்லா. மலாய் இலக்கியத்தின் பெரும்புள்ளியான அவர் சிறுவயதில் தமிழ் படித்தார். மலாக்காவில் வசதியான வீட்டுப் பிள்ளைகள் கணக்கு வழக்குக்காகத் தமிழ் கற்பது வழக்கமாக இருந்ததாம். கேட்டீர்களா, பிள்ளைகளே!

இனி ஆற்றுப் பாலத்தைக் கடந்து தங்கவேலைக்காரர் தெருவுக்கு, அதாவது ஜாலான் துக்காங் எமாஸுக்கு வாருங்கள். அங்கே ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. டச்சுக்காரர் தவிநாயகர் செட்டிக்குக் கொடுத்த நிலத்தில் 1781-இல் எழுந்தது. அதே தெருவில் 1748-இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசல். கொஞ்சம் தள்ளிச் சீனர் கோயில்.

மலாயாவில் ரப்பரைத் தோட்டப் பயிராக நட்ட முன்னோடி டான் சாய் யான். அதே மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், 1896-இல் நட்டார். அப்போது அந்தப் பிள்ளையார் கோயிலுக்கு வயது 115! தம்பி, ரப்பருக்கு முன்பே தமிழன் இங்கே இருந்திருக்கிறான்.

கடைசியாகக் காஜா பெராங்கில் உள்ள கம்போங் செட்டிக்குப் போங்கள். பழைய வணிகர்களின் வழித்தோன்றல்கள் அங்கே இருக்கிறார்கள். வீட்டில் பேசுவது மலாய், பெண்கள் உடுத்துவது கெபாயா. ஆனாலும் பொங்கலும் மாரியம்மனும் விட்டுப்போகவில்லை. அவர்களுடைய சிறிய அரும்பொருளகத்தில் பாட்டிமார் புழங்கிய பொருள்களைப் பார்த்தேன். தமிழ் பேச்சு அவர்களை விட்டுப் போனதைக் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்குத் தமிழ்ப்பள்ளி இருக்கிறதே, அதன் அருமையை அன்றுதான் முழுசாக உணர்ந்தேன்.

அந்தப் பையனின் தாத்தா சொன்னதும் பொய்யில்லை. நம் முன்னோரில் பெரும்பாலோர் வணிகராக வரவில்லை, உழைக்க வந்தார்கள். அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆனால் அவர்கள் வெட்டிய உளி எங்கே? பால் மங்கு எங்கே? ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. சில தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. வீடு மாறும்போது பழைய சாமான் என்று தூக்கி எறிகிறோம்.

பெற்றோர்களே, எறியாதீர்கள். ஓர் உளி, ஒரு பழைய படம், ஒரு சம்பளச் சீட்டு, எது இருந்தாலும் யாருடையது, எந்த ஆண்டு என்று எழுதிப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள். நூலகத்து மூலையில் ஒரு மேசை போட்டு வைக்கிறேன். நாளை ஒரு பிள்ளை "நாம எப்ப சார் வந்தோம்?" என்று கேட்டால், மலாக்கா வரை போகாமலே காட்டலாம் அல்லவா?