கோதுமை எப்போது நம் வீட்டுக்கு வந்தது?

திருச்சுழி பக்கம் ஒரு கிராமத்தில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு வரும் கல்லூரி மாணவி ஒருவர், போன மாதம் தன் கைப்பேசியை நீட்டினார். கோதுமையை அடியோடு நிறுத்தினால் வயிற்று உப்புசம் போகும், மூட்டுவலி போகும், முகம் தெளியும் என்று ஒரு காணொளி. "நெசமாக்கா?" என்று கேட்டார். திண்ணையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அவருடைய அப்பத்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எங்க காலத்துல கோதும எங்கடி இருந்துச்சு, விடுறதுக்கு?"

மாணவியின் கேள்விக்குச் சீக்கிரம் பதில் சொல்லிவிடலாம். அப்பத்தாவின் கேள்விக்குத்தான் நேரம் பிடிக்கும். அதனால் முதல் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறோம்.

கோதுமையிலும் பார்லியிலும் உள்ள ஒரு புரதம் குளூட்டன். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் துணி மாதிரி விரிகிறதே, அது குளூட்டனின் வேலை. சீலியாக் என்ற நோய் உள்ளவர்களுக்கு இந்தப் புரதம் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கும். அவர்கள் ஆயுளுக்கும் கோதுமையைத் தொடக் கூடாது. இது தெரியவந்த கதையிலும் ஒரு பஞ்சம் இருக்கிறது. வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவருக்கு ரொட்டியின் மேல் முன்பே சந்தேகம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கீழ் நெதர்லாந்தில் ரொட்டிக்கே வழியில்லாமல் போனது. ஊரே மெலிந்தபோது இந்த நோய் கண்ட குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்துக்கொண்டார்கள். 1950இல் அவர் இதை ஆய்வேடாகவே எழுதினார்.

இந்தியாவில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2016இல் வெளியானது. இந்நோயைக் காட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்தவர்கள் வட இந்தியாவில் 100க்கு 1.23 பேர், தெற்கில் 0.10 பேர். நோய்க்கு இடம்கொடுக்கும் மரபுக்கூறு இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தது. கோதுமை தின்னும் அளவில்தான் வித்தியாசம்: வடக்கில் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம், தெற்கில் 25 கிராம். ஆகவே நம்மில் மிகப் பெரும்பாலோருக்குக் குளூட்டன் நஞ்சு அல்ல. ராத்திரி பரோட்டாவை நிறுத்தியதும் உடம்பு லேசானது என்று ஒருவர் சொன்னால் அது பொய்யும் அல்ல. மைதா, எண்ணெய், சால்னா மூன்றும் ஒன்றாகக் குறைந்திருக்கின்றன. வயிற்றுப்போக்கு விடாமல் இருக்கிறவர்களும், இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறாதவர்களும் கோதுமையை நிறுத்தும் முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்திய பிறகு சோதித்தால் நோய் பிடிபடாமல் போகலாம்.

இனி அப்பத்தாவின் கேள்வி.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரம் மழையை நம்பிய கரிசல். குண்டாறு பெரும்பாலான நாள் மணலாகவே கிடக்கும். கண்மாய் நிறைந்த வருசம் கொஞ்சம் நெல் விளையும். மற்றபடி காடு முழுக்கக் கம்பு, சோளம், குதிரைவாலி, வரகு, ஊடுபயிராகப் பயறு வகைகள், காசுக்குப் பருத்தியும் மல்லியும். கம்மங்கூழ், சோளச்சோறு, குதிரைவாலிச் சோறு, காணத் துவையல், மோர்மிளகாய், மழைக்குப் பின் தானாகக் காய்க்கும் அதலக்காய் என்று சாப்பாடு இருந்தது. அரிசிச் சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். இந்தப் பட்டியலைப் படித்துவிட்டு நம் முன்னோர் என்ன ஆரோக்கியமாகத் தின்றிருக்கிறார்கள் என்று பெருமூச்சு விடும் பதிவுகள் நிறைய வருகின்றன. அந்தக் கம்பு யார் காட்டில் விளைந்தது, யார் கையால் யாருக்கு அளக்கப்பட்டது என்பது அந்தப் பதிவுகளில் இருக்காது.

நம் தாத்தாக்களுக்குக் கூலி தானியமாகத்தான் வந்தது. அறுப்பு முடிந்து களத்தில் பொலி தூற்றி, பண்ணையாருக்கு அளந்து, மற்ற பங்குகளையும் அளந்த பிறகு, கடைசியில் கிடப்பதில் படிக்கணக்கில் கொடுப்பார்கள். ஊர் வேலை செய்கிறவர்களுக்குக் களத்தில் தரும் அந்தப் பங்கின் பெயர் 'சுதந்திரம்'. அகராதியில் இந்தப் பொருளும் இருக்கிறது, பாருங்கள். வேலை நாளில் நடுப்பகல் கூழ் பண்ணையார் வீட்டுப் பின்வாசலில். ஏந்திய கையிலோ கொட்டாங்கச்சியிலோ எட்ட நின்று ஊற்றுவார்கள். அப்பத்தாவும் அப்படிக் குடித்தவர்தான். கம்மங்கூழ் என்றதும் அவர் முதலில் சொல்வது அந்த வாசலைப் பற்றித்தான். ருசியைப் பற்றி நாமாகக் கேட்டால்தான் சொல்வார்.

இது ஏதோ ஒரு வீட்டின் கொடுமை என்று நினைத்துவிடக் கூடாது. இந்த வட்டாரம் அன்றைய ராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்த மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள் மீது 8 தடைகள் விதித்ததை ஜே. எச். ஹட்டன் தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். சட்டை, செருப்பு, குடை, நகை கூடாது என்பவற்றோடு, வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு பாத்திரம் புழங்கக் கூடாது என்பதும் ஒன்று. இன்று நகரத்துக் கடைகளில் மண்சட்டியில் கூழ் ஊற்றித் தருவது நாகரிகம் ஆகியிருக்கிறது. நம் பாட்டிகளுக்கு மண்சட்டி சட்டமாக இருந்தது. பித்தளைச் செம்பு வாங்கியதற்காக அடி வாங்கினார்கள்.

1931 ஜூனில் தடைகள் 11 ஆயின. நிலம் வைத்திருந்தால் மிராசுதாருக்கு அடிமாட்டு விலைக்கு விற்றுவிட வேண்டும். விற்காவிட்டால் பாசனத் தண்ணீர் கிடையாது. மழைத்தண்ணீரை வைத்து எதையாவது விளைவித்தாலும் அறுப்புக்கு வரும்போது பயிரைக் கொள்ளையடித்துவிட வேண்டும். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதாரின் மாட்டை மேய்க்க வேண்டும். கரிசலில் மழைத்தண்ணீரில் விளைவது எது? கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான். அந்தத் தடையின் குறி நம் கூழ்ச்சட்டி. அண்ணல் அம்பேத்கர் 'சாதி ஒழிப்பு' நூலில் ஜெய்ப்பூர்ப் பக்கத்துச் சக்வாரா கிராமத்துச் சம்பவம் ஒன்றைச் சொல்கிறார். யாத்திரை போய்வந்த தலித் ஒருவர் தம் மக்களுக்கு வைத்த விருந்தில் நெய் பரிமாறியதற்காக, சாதி இந்துக்கள் தடியோடு வந்து பந்தியைச் சூறையாடினார்கள். அங்கே நெய், இங்கே கம்பு.

இந்தத் தட்டுக்குத்தான் கோதுமை வந்தது. அமெரிக்காவில் கோதுமை மலைபோல் மிஞ்சிக் கிடந்த காலம். அதை உள்ளூர்ப் பணத்துக்கே விற்று வெளியேற்ற 1954இல் பி.எல். 480 என்ற சட்டம் போட்டார்கள். 1956இல் இந்தியா முதல் ஒப்பந்தம் செய்தது. 1965, 1966 என்று அடுத்தடுத்து மழை பொய்த்தபோது கப்பல் வந்தால்தான் சோறு என்ற நிலை. 1966இல் மட்டும் வெளிநாடுகளிலிருந்து வந்த தானியம் ஏறத்தாழ 1 கோடி டன், அதில் பெரும்பகுதி கோதுமை. வியட்நாம் போரைப் பற்றி இந்தியா வாயைத் திறந்தால் கப்பல் தாமதமாகும் என்ற அளவுக்கு ஜனாதிபதி ஜான்சன் அதைப் பிடிமானமாக வைத்திருந்தார். எட்ட நின்று ஊற்றப்படும் கூழின் கணக்கு நாடுகளுக்கு இடையிலும் உண்டு.

நம் ஊருக்கு அது பள்ளிக்கூடம் வழியாக வந்தது. விருதுநகரில் பிறந்த காமராசர் 1956இல் தொடங்கிய மதிய உணவுத் திட்டத்துக்கு, 1961 முதல் கேர் என்ற அமெரிக்கத் தொண்டு நிறுவனம் உடைத்த கோதுமையும் பால் பவுடரும் எண்ணெயும் கொடுத்தது. நம் பெற்றோர் தலைமுறையிடம் கேட்டுப் பாருங்கள், 'கோதுமை உப்புமா' என்றதும் ஒரு வாசனையை நினைவுகூர்வார்கள். பல பேருக்கு அது பிடித்த வாசனை அல்ல. ஆனாலும் அதற்காகவே பள்ளிக்குப் போனார்கள். பல பள்ளிகளில் அங்கேயும் தனி வரிசை, தனித் தட்டு. இருந்தாலும் பண்ணை வாசலுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு என்று நாங்கள் நினைக்கிறோம். அரசாங்கத்துச் சாப்பாடு என்றால் கேட்டு வாங்கலாம், குறைந்தால் புகார் சொல்லலாம். மாடு மேய்க்கப் போக வேண்டிய பிள்ளை சிலேட்டோடு உட்கார்ந்தது அந்த உப்புமாவுக்காகவும்தான். 1931இன் தடை ஒன்றை அமெரிக்கக் கோதுமை உடைத்தது என்று சொன்னால் அமெரிக்காவுக்கு வக்காலத்து வாங்குவதாகத் தோழர்கள் கோபித்துக்கொள்ளலாம். ஆனால் நடந்தது அதுதான்.

அதற்குள் அரிசியும் வந்துகொண்டிருந்தது. 1965 ஜனவரியில் இந்திய உணவுக் கழகம் தொடங்கியபோது அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில் திறந்தது. அரசு கொள்முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும்; கம்புக்கும் வரகுக்கும் அந்தப் பந்தியில் இலை போடவில்லை. 1967 தேர்தல் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்ற முழக்கத்தில் நடந்தது. 1982இல் சத்துணவு அரிசிச் சோறாக வந்தது. 2011 முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பண்ணை வீட்டுப் பந்தியில் மட்டும் கண்ட வெள்ளைச் சோறு சேரியில் தினம் உலையேறியது. சிறுதானியத்தை மறந்துவிட்டார்கள் என்று நம் மக்களைக் கடிந்துகொள்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அவர்கள் எதையும் மறக்கவில்லை. பின்வாசலை விட்டு விலகி வந்தார்கள்.

இன்னொரு காரணத்தைப் பெண்கள் மட்டும் சொல்வார்கள். குதிரைவாலியும் வரகும் லேசில் உமி விடாது. காட்டில் களை எடுத்துவிட்டு வந்து, பொழுது சாய்ந்த பின் உரலில் போட்டுக் குத்திப் புடைத்து, மறுபடி குத்தி, அதற்குப் பிறகுதான் அடுப்பு. ரேஷன் அரிசி அந்த உலக்கையைக் கீழே வைக்க விட்டது. 'பாரம்பரிய உணவு' மேடைகளில் பேசும் ஆண்கள் யாரும் இதைச் சொல்லி நாங்கள் கேட்டதில்லை.

ஆனால் உடம்பு தன் கணக்கை வைத்திருக்கிறது. தீட்டிய அரிசி மூன்று வேளை, ராத்திரிக்குப் பரோட்டா. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவின் புகழ் ஊரறியும். அதன் இன்னொரு முகம், கூலி வேலை முடிந்து பஸ் இறங்குகிறவர்கள் வாங்கிப் போகும் பொட்டலம். மைதா என்பது கோதுமையின் தவிட்டையும் முளையையும் நீக்கிய வெறும் மாவு. நார்ச்சத்தும் இரும்பும் பெரும்பகுதி தவிட்டோடு போய்விடும். சீமைக்கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிறவர்களுக்கும் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களுக்கும் அது மலிவான, சட்டென்று பசியடைக்கும் சாப்பாடு. சமைக்க விறகும் நேரமும் வேண்டாம். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. சர்க்கரை வந்தால், ராத்திரி சோற்றுக்குப் பதில் சப்பாத்தி தின்னச் சொல்லி அனுப்புகிறார்கள். சோற்றுக்கும் சப்பாத்திக்கும் மாவுச்சத்தில் பெரிய பேதம் இல்லை. சப்பாத்தியை இரண்டு என்று எண்ணித் தின்கிறோம், அதனால் அளவு குறைகிறது. கம்பும் மாவுச்சத்துதான்; மூன்று சொம்பு கூழ் குடித்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். இருந்தாலும் மைதாவோடும் தீட்டிய அரிசியோடும் ஒப்பிட்டால் கம்பில் இரும்பும் நாரும் அதிகம், குளூட்டன் இல்லை. ஆகவே பரோட்டாவை விட்டுக் கம்புக்கு வருவது நல்லதா என்றால், நல்லதுதான்.

எப்படி வருவது என்பதில்தான் சிக்கல். 2018இல் ஒன்றிய அரசு சிறுதானியங்களுக்கு 'சத்துத் தானியம்' என்று பெயர் மாற்றியது. ஐ.நா. 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோது, அதே ஆண்டு வரவுசெலவுத் திட்ட உரையில் 'ஸ்ரீ அன்னம்' என்று இன்னொரு பெயர் வைத்தார்கள். நாம் தின்றபோது அதற்கு 'ஸ்ரீ' இல்லை. பெயரோடு விலையும் ஏறிவிட்டது. அருப்புக்கோட்டை கடைத்தெருவில் குதிரைவாலி அரிசி வாங்குகிற விலைக்கும் ரேஷனில் விலையில்லாமல் வரும் அரிசிக்கும் நடுவில், நம் வீட்டுப் பெண்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் ரேஷன் அரிசியில் 2 கிலோவுக்குப் பதில் கேழ்வரகு தரத் தொடங்கினார்கள். கரிசல் மாவட்டத்துக் கடைகளில் கம்பு கேட்பதற்கு நமக்கும் வாய் இருக்கிறது. உமி நீக்கும் இயந்திரம் ஒன்றை ஊராட்சிக்கு ஒன்றாகக் கேட்கலாம். உலக்கைக்குத் திரும்பிப் போகச் சொல்லி யாரையும் கூப்பிட எங்களுக்கு வாய் வராது.

பிறகு நிலம். செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்ஹீரின் அறிக்கைக்குப் பின், 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கும் அரசாணை வந்தது. அப்படிக் கொடுத்த பஞ்சமி நிலங்கள் எத்தனையோ கைமாறிப் போயின. கரிசலில் மானாவாரி நிலம் ஒரு ஏக்கர் கையில் இருந்தால் ஒரு குடும்பத்துக்குக் கம்பு விளைவிக்கலாம். இல்லாவிட்டால் காணொளி பார்க்கலாம்.

அந்த மாணவியிடம் இதையெல்லாம் மூன்று மாலைகளாகப் பேசினோம். பரோட்டாவை நிறுத்திவிட்டாராம், சப்பாத்தியை நிறுத்துகிற எண்ணம் இல்லை. அப்பத்தா ஒரு நாள் எங்களுக்குக் கம்மங்கூழ் கரைத்துக் கொடுத்தார், எவர்சில்வர் சொம்பில். கண்மாய்க்குக் கிழக்கே கருவேலம் மூடிக் கிடக்கும் காட்டைக் காட்டி, அது தன் மாமனார் உழுத நிலம் என்றார். எப்போது, யாரிடம் போனது என்று அவருக்குத் தெரியவில்லை. அந்தப் புல எண்ணுக்கு 'அ' பதிவேட்டு நகல் கேட்டுத் தகவல் உரிமை மனு ஒன்றை மாணவி எழுதியிருக்கிறார். திங்கட்கிழமை வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறோம்.