கல்விப் பணம் யார் பேரேட்டில்?

செப்பேட்டைக் கையில் கொடுத்தாலும் வியாபாரி முதலில் கணக்கைத்தான் தேடுவான். அடியேனும் அப்படியே. குமரி மாவட்டம் முஞ்சிறைக்கு அருகே பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன் கி.பி. 866-ல் ஒரு சாலை நிறுவினான். சாலை என்றால் ஈண்டு ரோடு அல்ல, உண்டு உறைந்து கற்கும் இடம். காந்தளூர்ச் சாலையை முன்மாதிரியாகக் கொண்டு 95 சட்டர்களுக்கு இடம் வைத்தான். வேதப் பிரிவுவாரியாக 45, 36, 14; கூட்டிப் பார்த்தேன், சரியாக வருகிறது. நிலம் எழுதிவைத்தது சாலைக்கு. மாணாக்கன் வேறு சாலைக்குப் போனால் சோறு அவனோடு போகாது. அந்தப் பிரிவுகளில் பிறக்காதவனுக்கோ இடமே கிடையாது. (பள்ளி என்ற சொல்லே ஜைன முனிவர் உறைவிடத்திலிருந்து வந்தது என்று பெருமை பேசுவது எங்கள் குல வழக்கம். அதை இன்னொரு மலருக்கு வைத்துக்கொள்வோம்.)

1817-ல் திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று திருவுளம் செய்தார். 1957-ல் ஜோசப் முண்டசேரி கல்வி அமைச்சராக இருந்து கொண்டுவந்த மசோதா பெரும் புயலைக் கிளப்பியது. குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்தின் கருத்தைக் கேட்டார். 1958-ல் கருத்து வந்தது. விமோசனச் சமரம் மூண்டு, 1959 ஜூலை 31-ல் அரசே போயிற்று. ஆனால் எய்டட் பள்ளி ஆசிரியரின் சம்பளத்தை அரசு நேரே தருவது மட்டும் நிலைத்துவிட்டது.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தே ஆசிரியர் பணியிடம். பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் தலையை எண்ணுவார்கள். குறைந்தால் டிவிஷன் போச்சு! ஆகவே கோடை விடுமுறையில் ஆசிரியர்கள் வீடு வீடாக வந்து பிள்ளை கேட்பதைக் கேரளத்தில் காணலாம். பணம் பிள்ளையின் பின்னால் பாதித் தூரமாவது நடக்கிறது என்று நான் கணக்கு எழுதிக்கொண்டேன்.

முழுத் தூரமும் நடக்க வேண்டும் என்று 1955-ல் எழுதியவர் அமெரிக்கப் பொருளியலார் மில்டன் ஃபிரீட்மன். அரிசோனா மாநிலம் 2011-ல் ஊனமுற்ற பிள்ளைகளின் பெற்றோருக்குத் தனிக் கல்விக் கணக்கே திறந்து பணம் போட்டது. 2022-ல் அதை எல்லாப் பிள்ளைகளுக்கும் விரித்தது. வசதி உள்ளவர்க்கும் அரசுப் பணமா என்று அங்கே சண்டை ஓயவில்லை. கேள்வி நியாயமானதுதான்.

நம் நாட்டில் 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடத்தை நலிந்த பிள்ளைகளுக்கு ஒதுக்கி, கட்டணத்தை அரசு பள்ளிக்கே தரும்படி செய்தது. கவனியுங்கள், பெற்றோருக்கு அல்ல. என் கடையில் பாத்திரத்துக்குப் பாலீஷ் போடுகிற தம்பி வந்தவாசிப் பக்கத்தவர். மகளுக்கு அங்கே அப்படி ஓர் இடம் கிடைத்திருந்தது. பிழைப்புக்குக் கழக்கூட்டம் வந்தபோது டி.சி. கையில் வந்தது, இடம் அங்கேயே நின்றுவிட்டது. "அண்ணாச்சி, எங்க பாப்பாதானே வந்திருக்கு, அந்தப் பணம் மட்டும் ஏன் வரலை?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது குழந்தை அரசுப் பள்ளியில் மலையாளத்தில் படிக்கிறாள். தமிழ் எழுத்தை ராத்திரியில் கடைத் திண்ணையில் என்னிடம் கற்கிறாள். 'ழ' மட்டும் அழகாக எழுதுகிறாள்.

அவள் பேரில் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருக்கிறது. 2015-ல் வந்த திட்டம். ஆண்டுக்கு 250 ரூபாயாவது கட்ட வேண்டும். போடுவது அப்பனின் சொந்தக் காசு. பத்தாம் வகுப்பு தேறிய பிறகோ பதினெட்டு வயதிலோ மேற்படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம், இன்றைய பள்ளிச் செலவுக்கு உதவாது. ஆனாலும் அந்தப் பாஸ்புக் ஒன்றுதான் ஒரு மனு எழுதிக்கொடுத்ததும் வந்தவாசியிலிருந்து இங்கே மாறி வந்தது.