ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ் தவிர வேறு இயங்குதளமா? மாறும் முன் கவனிக்க வேண்டியவை

கூகுளின் கண்காணிப்பு வேண்டாம் என்பவர்களும் பழைய கைப்பேசியை வீச மனமில்லாதவர்களும் மாற்று இயங்குதளங்களைத் தேடுகின்றனர். எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்: உங்கள் வங்கிச் செயலி அதில் இயங்குமா?

மலேசியர்களுக்கு இது புதிதல்ல. 2019 மே மாதம் அமெரிக்கா விதித்த வணிகத் தடையால், ஹுவாவேயின் புதிய கைப்பேசிகள் கூகுள் சேவைகள் இன்றி வரத் தொடங்கின. பிளே ஸ்டோர் இருந்த இடத்திற்கு ஆப்கேலரி வந்தது. மைசெஜாத்ரா, டச் அண்ட் கோ இ-வாலட் போன்ற செயலிகள் அதில் சேர்க்கப்பட்டதால்தான் அக்கைப்பேசிகள் இங்கு அன்றாடப் பயன்பாட்டுக்கு உதவின.

இன்றுள்ள முக்கிய மாற்றுகள்:

லினியேஜ் ஓஎஸ் - ஆண்ட்ராய்டின் திறமூல நிரலில் உருவானது. நிறுவனம் புதுப்பிப்பை நிறுத்திவிட்ட பல பழைய கைப்பேசிகளுக்கும் கிடைக்கிறது.

கிராஃபீன் ஓஎஸ் - பாதுகாப்புக்கு முதலிடம் தருவது. கூகுள் பிக்சல் கைப்பேசிகளுக்காக உருவாக்கப்பட்டது.

உபுண்டு டச் - லினக்ஸ் வகை. கனோனிக்கல் நிறுவனம் 2017இல் கைவிட்ட பின் தன்னார்வலர்கள் தொடர்கின்றனர். ஆண்ட்ராய்டு செயலிகள் இதில் நேரடியாக இயங்கா.

வங்கி விஷயத்தில் ஏன் எச்சரிக்கை தேவை? மோசடிகளைத் தடுக்க, குறுஞ்செய்தி வழி வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லுக்குப் பதிலாக மேலும் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி பேங்க் நெகாரா 2022 செப்டம்பரில் வங்கிகளுக்கு அறிவித்தது. பரிவர்த்தனையை உறுதிசெய்ய ஒரே ஒரு கைப்பேசியைத்தான் பதிவு செய்யலாம். புதிய கைப்பேசியைப் பதிந்தால் சிறிது காலம் காத்திருக்கவும் வேண்டும். மாற்று இயங்குதளம் கூகுளின் பாதுகாப்புச் சோதனையில் தேறாவிட்டால், சில வங்கிச் செயலிகள் திறக்கவே மறுக்கும். அப்போது கணினி வழியாகப் பணம் அனுப்பினாலும் உறுதிசெய்ய முடியாமல் போகலாம்.

மாறுவதற்கு முன்:

• பயன்படுத்தாத பழைய கைப்பேசியில் முதலில் சோதியுங்கள். வங்கிச் செயலி உள்ள கைப்பேசியைத் தொடாதீர்கள்.

• பூட்லோடர் பூட்டைத் திறந்தால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். படங்களையும் வாட்ஸ்அப் உரையாடல்களையும் முன்னதாகவே சேமித்துக்கொள்ளுங்கள்.

• ஐபோனில் வேறு இயங்குதளம் நிறுவ முடியாது. ஹுவாவேயும் பூட்டைத் திறக்கும் குறியீடு வழங்குவதை 2018இல் நிறுத்திவிட்டது.

• தமிழ் விசைப்பலகை உண்டா என்று பாருங்கள். நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய செல்லினத்தைப் பயன்படுத்துவோர், அது புதிய தளத்தில் இயங்குகிறதா என்பதையும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

• உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், அது செல்லாமல் போகுமா என்று கடையில் கேளுங்கள்.

செய்தி வாசிக்க, காணொலி பார்க்க மட்டும் இருக்கும் இரண்டாவது கைப்பேசிக்கு மாற்று இயங்குதளம் நல்ல தேர்வு. பணமும் வேலையும் ஒரே கைப்பேசியில் இருப்பவர்கள், இருக்கும் தளத்திலேயே தேவையற்ற செயலிகளை நீக்கி, இருப்பிடம், ஒலிவாங்கி அனுமதிகளைக் குறைத்துக்கொள்வதே இப்போதைக்குப் பாதுகாப்பு.