மெட்ரோனோமும் மாத்திரையும்

பாட்டு வகுப்புக்கும் கீபோர்டு வகுப்புக்கும் போகிற நம் பிள்ளைகளுக்கு மெட்ரோனோம் தெரியும். 'டிக், டிக்' என்று தாளம் தப்பாமல் அடிக்கிற கருவி; இப்போது செல்போனிலேயே வந்துவிட்டது. அதன் பெயருக்கு என்ன பொருள் என்று கேட்டால் பெரியவர்களே சற்று யோசிப்போம்.

கிரேக்க மொழியில் 'மெட்ரோன்' என்றால் அளவு. 'நோமோஸ்' என்றால் சட்டம், முறைமை. 1815-இல் இப்பெயரில் காப்புரிமை வாங்கியவர் மெல்செல் என்ற ஜெர்மானியர். ஆனால், மேலும் கீழும் எடை வைத்த ஊசல் என்ற சூட்சுமத்தை 1814-இல் ஆம்ஸ்டர்டாமில் கண்டுபிடித்தவர் விங்கெல். சரக்கு ஒருத்தருடையது, முத்திரை இன்னொருத்தருடையது. வியாபாரத்தில் இது புதுசா என்ன! 1817-இல் பீத்தோவன் தம் எட்டு சிம்பொனிகளுக்கும் இக்கருவியின் எண்களை வெளியிட்டதும் பெயர் நிலைத்துவிட்டது.

இதற்கும் நாம் குடியேறிய இந்த ஊருக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1786 பிப்ரவரி 2-ஆம் தேதி, கல்கத்தா ஏசியாடிக் சொசைட்டியில் பேசிய வில்லியம் ஜோன்ஸ், சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றும் ஒரே மூலத்திலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்றார். அந்த வழியில் போனால், கிரேக்க மெட்ரோனும் வடமொழி மாத்ராவும் ஒரே குடும்பம். 'அளத்தல்' என்பதே இரண்டுக்கும் வேர். அதற்காக நோமோஸும் நியமமும் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது. ஒலி ஒத்துப்போகிறது, வேர் வேறு.

நம் மாத்திரை, இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் 'மா'விலிருந்து வந்த தனித்தமிழ்ச் சொல் என்பாரும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. வெளியூரிலிருந்து வந்த சரக்கை வரவு என்றுதானே பேரேட்டில் எழுதணும்? அதனால் தமிழுக்கு ஒரு குறைவும் இல்லை. வந்த சொல்லுக்குத் தொல்காப்பியர் கணக்கு வகுத்திருக்கிறார்: கண் இமைக்கும் நேரம், விரல் நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை. குறிலுக்கு 1, நெடிலுக்கு 2, மெய்க்கு அரை. பிற்பாடு 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவரும் அதே இமையையும் நொடியையுமே அளவாகக் கொண்டார். ஊசலும் வேண்டாம், சாவியும் வேண்டாம், உடம்பே கருவி.

அளந்து கொடுக்கிற மருந்துக்கும் அந்தப் பெயரே வந்து, இன்று மாத்திரை என்றாலே மருந்துக்கடைதான் நினைவுக்கு வருகிறது. வங்காளியிலும் மருந்தின் அளவு 'மாத்ரா'தான். எழுத்தின் தலையில் போடுகிற கோடும் மாத்ரா. தபலாவில் தீன்தாலுக்கு 16 மாத்ரா. வீட்டில் "மாத்திரை போட்டியா?" என்றால் மருந்தைத் தேடுகிற பிள்ளை, தபலா மாஸ்டர் மாத்ரா என்றால் விரலை மடக்கி எண்ணுகிறது.